கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு லேப்டாப்: இரண்டாவது ஸ்லாட்டைக் கேட்டு வாங்குங்கள்

லேப்டாப்புக்குள் எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் வேகமான டிரைவ்) செருகும் இடம்தான் ஸ்லாட். இரண்டாவது எதற்கு? முதலில் ஒரு கணக்கு. மூன்று கேமரா, ஒவ்வொன்றிலும் நான்கு மணி நேரப் பதிவு. சோனி ஏ7 நான்காம் தலைமுறை கேமராவில் 4கே, 25 ஃபிரேம், 10 பிட் 4:2:2 (நிற விவரம் அதிகம் பதியும் முறை) என்று வைத்தால் நொடிக்கு 140 மெகாபிட் எழுதும். எட்டால் வகுத்தால் நொடிக்கு 17.5 எம்பி, மணிக்கு 63 ஜிபி. பன்னிரண்டு மணி நேரத்துக்கு 756 ஜிபி. இதில் புகைப்படமும் இல்லை, டிரோனும் இல்லை, ஆல்பம் டிசைனும் இல்லை.

'1 டிபி எஸ்எஸ்டி' என்று பெட்டியில் போட்டிருக்கும் லேப்டாப்பை விண்டோஸ் திறந்து காட்டும்போது 931 ஜிபிதான் இருக்கும். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது, யாரும் ஏமாற்றவில்லை. அதில் விண்டோஸ், எடிட்டிங் மென்பொருள், பிளக்இன், எஃபெக்ட்ஸ் டெம்ப்ளேட் எல்லாம் சேர்ந்து 200 ஜிபியை எடுத்துக்கொள்ளும். ஆக, ஒரே கல்யாணத்தின் ஃபுட்டேஜே மிச்ச இடத்தைக் கிட்டத்தட்ட நிரப்பிவிடும்; மற்றவற்றுக்கு இடம் போதாது. கையில் எப்போதும் மூன்று நான்கு வேலை பாதியில் நிற்கும் ஸ்டுடியோவுக்கு ஒற்றை டிரைவ் லேப்டாப் ஒத்துவராது. எக்ஸ்டெர்னல் டிரைவை ஒயரில் தொங்கவிட்டு எடிட் செய்வதும் ஒரு வழிதான். ஆனால் எக்ஸ்போர்ட் நடுவில் ஒயர் அசைந்து டிரைவ் கழன்றால் என்ன ஆகும் என்று எடிட்டர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இனி வேகம். மூன்று கேமராவையும் ஒரே டைம்லைனில் ஓடவிட்டால் டிரைவ் கொடுக்க வேண்டியது நொடிக்கு 52.5 எம்பி. சாட்டா என்ற பழைய இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டியே 550 எம்பி கொடுக்கும். அப்படியென்றால் விளம்பரத்தில் வரும் 7000 எம்பி எதற்கு? டைம்லைன் ஓடுவதற்கு அல்ல. கேமரா ஃபைல்களை ப்ரோரெஸ் போன்ற எடிட்டிங் கோடெக்குக்கு (வீடியோவைச் சுருக்கிப் பதியும் முறை) மாற்றி வேலை செய்பவருக்கு நிலைமை வேறு: 4கே ப்ரோரெஸ் 422 ஹெச்க்யூ 25 ஃபிரேமில் நொடிக்கு 737 மெகாபிட், அதாவது 92 எம்பி. நான்கு அடுக்கு என்றால் 370 எம்பியை நெருங்கும். அதோடு கேஷ் (மென்பொருளின் தற்காலிக ஃபைல்கள்) எழுதுவது, பின்னணியில் ப்ராக்ஸி (எடிட்டுக்கான சின்ன நகல்) உருவாவது, இன்னொரு வேலையை பேக்கப் எடுப்பது எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும்போதுதான் வேகமான டிரைவின் அருமை தெரியும். அப்போதும் ஒரு டிரைவ் 14,000 ஓடுவதைவிட, இரண்டு டிரைவ் ஆளுக்கு 5000 ஓடி வேலையைப் பிரித்துக்கொள்வதே மேல்.

ஸ்லாட்டைப் படிக்கும் விதம்

லேப்டாப் எஸ்எஸ்டி இன்று எம்.2 என்ற பட்டையான வடிவில் வருகிறது. 2280 என்றால் அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80. 2242 என்றால் நீளம் 42, 2230 என்றால் 30. ஒரு லேப்டாப்பில் 'இரண்டு எம்.2 ஸ்லாட்' என்று இருந்தால் இரண்டுமே 2280 என்று நினைத்துவிட வேண்டாம். ஃப்ரேம்வொர்க் 16 லேப்டாப்பில் ஒன்று 2280, மற்றது 2230. குட்டை ஸ்லாட்டுக்கு 2 டிபிக்கு மேல் தேர்வு குறைவு, விலையும் கூடுதல். நீளமான டிரைவைக் குட்டை ஸ்லாட்டில் எந்த வித்தை செய்தும் பொருத்த முடியாது. குட்டை டிரைவை நீள ஸ்லாட்டில் வைக்கலாம். திருகு பிடிக்க ஒரு சின்னத் தகடு வேண்டியிருக்கும்.

வைஃபை கார்டு இருக்கும் ஸ்லாட்டும் எம்.2தான், அதுவும் 2230 அளவுதான். ஆனால் அதன் காடி வேறு இடத்தில் இருக்கும். 'மூன்று எம்.2 இருக்கு சார்' என்று விற்பனையாளர் சொன்னால் மூன்றாவது அதுவாக இருக்கலாம்.

அடுத்தது, ஸ்லாட் பேசும் மொழி. எம்.2 வடிவில் சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. என்விஎம்இ என்றால் பிசிஐஇ என்ற வேகமான பாதையில் போகும். அந்தப் பாதையின் ஒவ்வொரு தடமும் ஒரு லேன். பிசிஐஇ 3.0 நான்கு லேனில் நடைமுறையில் 3500 எம்பி, 4.0 நான்கு லேனில் 7000 சொச்சம், 5.0 நான்கு லேனில் 14,000 வரை. லேன் பாதியானால் வேகமும் பாதி. இரண்டாவது ஸ்லாட்டில்தான் தயாரிப்பாளர்கள் கைவைப்பார்கள்: முதலாவது 4.0 நான்கு லேன், இரண்டாவது 4.0 இரண்டு லேன், அல்லது 3.0. இதனால் லேப்டாப்பை ஒதுக்க வேண்டியதில்லை. 4.0 இரண்டு லேன் என்றாலும் 3500 எம்பி வரும். ஃபுட்டேஜ் வைக்க அது ஏராளம். ஆனால் அந்த ஸ்லாட்டில் 7000 எம்பி டிரைவ் வாங்கிப் போட்டால், கொடுத்த காசில் பாதி உறங்கும்.

'இரண்டாவது ஸ்லாட் சிப்செட் வழியாகப் போகுது, ஸ்லோவாகும்' என்றும் சிலர் பயமுறுத்துவார்கள். சிப்செட் என்பது ப்ராசஸருக்குத் துணையான சிப். இன்டெல் 12ஆம் தலைமுறை ஹெச் வரிசையில் எஸ்எஸ்டிக்கென்று நான்கு நான்கு லேனாக இரண்டு பாதை ப்ராசஸரிலிருந்தே நேராக வருகிறது. ஹெச்எக்ஸ் வரிசையில் நேர்பாதை ஒன்றுதான், மற்றவை சிப்செட் வழி. ஆனால் அந்த சிப்செட்டுக்கும் ப்ராசஸருக்கும் நடுவே 4.0 எட்டு லேன் அளவு சாலை இருக்கிறது. எடிட்டிங் வேலையில் அதை நிரப்புவது கஷ்டம். இதற்காக மாடலை மாற்ற வேண்டாம்.

இந்த விவரங்கள் கடை ஸ்டிக்கரில் இருக்காது. லெனோவோ என்றால் பிஎஸ்ரெஃப் என்ற தளத்தில் மாடல் வாரியாக ஸ்லாட் அளவும் லேன் எண்ணிக்கையும் போட்டிருப்பார்கள். டெல், ஹெச்பிக்கு சர்வீஸ் மேனுவல் பிடிஎஃப் ஆதரவுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதில் பின்மூடியைக் கழற்றிய படமே இருக்கும். வரிசைப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஏமாறுவீர்கள். ஒரே பெயரில் இன்டெல், ஏஎம்டி என்று இரண்டு போர்டு இருக்கும். ஒன்றில் இரண்டு 2280, மற்றதில் வேறு மாதிரி. லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும்.

மேனுவலில் 'அதிகபட்சம் 1 டிபி' என்று போட்டிருந்தால் மிரள வேண்டாம். நிறுவனம் அந்த மாடலோடு விற்றுச் சோதித்த அளவு அது. பெரும்பாலும் 2 டிபி, 4 டிபி டிரைவும் ஓடும். எச்சரிக்கை வேண்டிய இடம் வேறு: 4 டிபி டிரைவ்கள் சிலவற்றில் சிப் இரண்டு பக்கமும் இருக்கும். மெல்லிய லேப்டாப்பில் அடிப்பக்க சிப் போர்டில் முட்டி டிரைவ் வளையும். சாம்சங் 990 ப்ரோ 4 டிபி போல ஒருபக்க டிரைவாகப் பார்த்து வாங்குங்கள்.

2.5 அங்குல டிரைவுக்கு இடமுள்ள பழைய வடிவமைப்பு லேப்டாப்கள் இன்னும் சந்தையில் உண்டு. அதே மாடலைப் பெரிய பேட்டரியோடு வாங்கினால் அந்த இடத்தை பேட்டரி விழுங்கிவிடும். எத்தனை வாட்-அவர் பேட்டரி என்று கேட்டுவிட்டு, அந்த பேட்டரியோடு இடம் இருக்கிறதா என்று மேனுவலில் பாருங்கள்.

ஆப்பிள் மேக்புக் ப்ரோ இந்தக் கட்டுரைக்குள் வராது. வேகம் அபாரம்தான். ஆனால் வாங்கும் அன்று எடுத்த அளவோடுதான் கடைசிவரை ஓட்ட வேண்டும். உள்ளே இன்னொரு டிரைவ் சேர்க்க வழியில்லை.

டிரைவ் விஷயத்தில் ஏமாறும் இடம்

லேப்டாப்போடு வரும் எஸ்எஸ்டியைப் பற்றி '1 டிபி ஜென்4 (அதாவது பிசிஐஇ 4.0) என்விஎம்இ' என்பதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஒரே மாடலில் ஒரு பெட்டியில் நல்ல டிரைவ், அடுத்த பெட்டியில் மட்டமான டிரைவ் வருவது சகஜம்.

வித்தியாசம் எங்கே? டிஎல்சி டிரைவில் ஒரு செல்லில் மூன்று பிட், க்யூஎல்சியில் நான்கு பிட். ஒரு செல்லில் அதிக பிட் திணித்தால் எழுத நேரம் பிடிக்கும். அதை மறைக்க, காலியாக இருக்கும் செல்களில் முதலில் ஒரே பிட் வீதம் வேகமாக எழுதிவிட்டு, ஓய்வு கிடைக்கும்போது உள்ளே அடுக்கிக்கொள்ளும். இதுதான் எஸ்எல்சி கேஷ். 20 ஜிபி காப்பி செய்தால் இரண்டு டிரைவுமே பறக்கும். 700 ஜிபியை ஒரே மூச்சில் கொட்டினால் கேஷ் நிரம்பும். அதன்பிறகு நல்ல டிஎல்சி நொடிக்கு ஓர் ஆயிரம் எம்பிக்கு மேல் தாங்கும். மலிவான க்யூஎல்சி 100, 200 எம்பிக்கு இறங்கிவிடும். கணக்கைப் பாருங்கள்: 500 ஜிபியை 1500 எம்பி வேகத்தில் எழுத ஐந்தரை நிமிடம், 150 எம்பி வேகத்தில் 55 நிமிடம்.

கேஷ் காலியிடத்திலிருந்து கடன் வாங்குவதால், டிரைவ் நிரம்ப நிரம்ப கேஷும் சுருங்கும். 'புதுசுல நல்லா ஓடுச்சு, இப்ப மந்தமாயிருச்சு' என்ற புகாரில் பாதி இதுதான். ஃபுட்டேஜ் டிரைவில் ஐந்தில் ஒரு பங்கு எப்போதும் காலியாக இருக்கட்டும்.

டிரைவுக்குள் தனி டிராம் சிப் (எது எங்கே இருக்கிறது என்ற குறிப்பை வைக்கும் வேக நினைவகம்) இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இல்லாதவை லேப்டாப் ரேமிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கிச் சமாளிக்கும். ஃபுட்டேஜ் போன்ற பெரிய ஃபைல்களுக்கு அது பரவாயில்லை. விண்டோஸும் எடிட்டிங் கேஷும் இருக்கும் டிரைவில் டிராம் இருந்தால் நல்லது. சாம்சங் 990 ப்ரோ, வெஸ்டர்ன் டிஜிட்டல் பிளாக் எஸ்என்850எக்ஸ், க்ரூஷியல் டி500 மூன்றும் டிஎல்சி, மூன்றிலும் டிராம் உண்டு. க்ரூஷியல் பி3 ப்ளஸ் க்யூஎல்சி, டிராம் கிடையாது; ஒருமுறை எழுதிவிட்டுப் படிக்க மட்டும் செய்யும் ஃபைல்களுக்கு ஓகே, வாரா வாரம் கொட்டி அழிக்கும் வேலைக்கு வேண்டாம்.

பிசிஐஇ 5.0 டிரைவ் லேப்டாப்பில் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. சூடு அதிகம், பேட்டரி தின்னும், எடிட்டிங்கில் கண்ணுக்குத் தெரியும் லாபம் இல்லை. அந்தப் பணத்தில் 2 டிபிக்குப் பதில் 4 டிபி வாங்குங்கள்.

எஸ்எஸ்டி எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்ற பயமும் மிகை. 1 டிபி டிஎல்சி டிரைவுக்கு 600 டிபி எழுதலாம் என்று பொதுவாக உத்தரவாதம் தருகிறார்கள். ஃபுட்டேஜ், கேஷ், எக்ஸ்போர்ட் எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 2 டிபி எழுதினாலும் 300 வாரம், கிட்டத்தட்ட ஆறு வருடம். அதற்குள் லேப்டாப்பே பழசாகிவிடும்.

ரெய்டு 0 ஆசை

இரண்டு டிரைவை ரெய்டு 0 ஆக (ஃபைலைத் துண்டாக்கி இரண்டிலும் பிரித்து எழுதும் முறை) இணைத்தால் சோதனை மென்பொருளில் எண் இரட்டிப்பாகும். புரோகிராம் திறப்பது, சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடுவது போன்ற சிதறிய வாசிப்பில் எதுவும் மாறாது, ஏனென்றால் அங்கே தடை பாதையின் அகலம் அல்ல, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வரும் தாமதம். ஆனால் ஆபத்து நிச்சயமாக மாறும்: ஒரு டிரைவ் போனால் இரண்டிலும் இருப்பது போச்சு. தாலி கட்டுவதை மறுபடி எடுக்க முடியாது. ரெய்டு 0 வேண்டாம்.

ரெய்டு 1 ஒன்றின் நகலை மற்றதில் எழுதும். ஒரு டிரைவ் பழுதானால் வேலை நிற்காது, உண்மைதான். ஆனால் தப்பாக அழித்த ஃபோல்டர் இரண்டிலும் அழியும், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்தால் இரண்டும் பூட்டும், பஸ்ஸில் பை திருடுபோனால் இரண்டும் போகும். 4 டிபிக்குக் காசு கொடுத்து 2 டிபி மட்டும் கிடைக்கும். அந்த இரண்டாவது டிரைவின் விலைக்கு வெளி டிரைவ் வாங்கி அலமாரியில் வைப்பது புத்திசாலித்தனம்.

ஆகவே தனித்தனி டிரைவாகவே வைத்து வேலையைப் பிரியுங்கள். சி டிரைவில் விண்டோஸ், மென்பொருள், மீடியா கேஷ், எக்ஸ்போர்ட். டி டிரைவில் ஃபுட்டேஜும் புராஜெக்ட் ஃபோல்டரும் மட்டும். ரெண்டர் ஆகும்போது ஒன்றிலிருந்து படித்து மற்றதில் எழுதும். ஒரே டிரைவ் இரண்டு வேலையும் செய்து சூடேறுவது குறையும். விண்டோஸ் கெட்டு மறுபடி நிறுவ நேர்ந்தாலும் டி டிரைவைத் தொட வேண்டியிருக்காது. டாவின்சி ரிசால்வில் ப்ரிஃபரன்ஸில் மீடியா ஸ்டோரேஜ் பட்டியலில் முதலில் இருக்கும் இடம்தான் கேஷுக்குப் போகும். அங்கே சி டிரைவின் தனி ஃபோல்டரை மேலே வையுங்கள். பிரீமியர் ப்ரோவில் மீடியா கேஷ் என்று தனிப்பக்கமே இருக்கிறது. மாதம் ஒருமுறை பழைய கேஷைக் காலி செய்யாவிட்டால் சி டிரைவ் சிவப்புக் கோட்டுக்குப் போய் நிற்கும்.

டிரைவ் தவிர மற்றவை

டைம்லைன் திக்கினால் பெரும்பாலும் குற்றவாளி டிகோடர், அதாவது சுருக்கிய வீடியோவைப் பிரிக்கும் பகுதி. ஹெச்.265 கோடெக்கில் 10 பிட் 4:2:2 ஆகப் பதிவு செய்த ஃபைலை வன்பொருளிலேயே பிரிக்க, இன்டெல்லின் 11ஆம் தலைமுறையிலிருந்து வரும் உள்கிராஃபிக்ஸால் முடியும். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அது வந்தது. 40 வரிசையில் இல்லை. ஆக, ஏஎம்டி ப்ராசஸரும் ஆர்டிஎக்ஸ் 4070உம் உள்ள விலை உயர்ந்த லேப்டாப்பில் இந்த ஹெச்.265 4:2:2 ஃபைல் முக்கி முனகும், இன்டெல் உள்ள சுமாரான லேப்டாப்பில் வழுக்கிக்கொண்டு ஓடும். வாங்குமுன் உங்கள் கேமரா எதில் பதிவு செய்கிறது என்று மெனுவைத் திறந்து பாருங்கள். ஹெச்.265இல் 4:2:0 (நிற விவரம் குறைந்த முறை) என்றால் இந்தக் கவலையே இல்லை.

கிராஃபிக்ஸ் கார்டில் பெயரைவிட வாட்டைக் கேளுங்கள். லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4060ஐ 35 வாட்டிலும் ஓட்டலாம், 115 வாட்டிலும் ஓட்டலாம். பெயர் ஒன்றே, வேலை வேறு. நினைவகம்: ஆர்டிஎக்ஸ் 5060, 5070 இரண்டிலும் 8 ஜிபி, 5070 டிஐயில் 12, 5080இல் 16. 4கேயில் நாய்ஸ் ரிடக்ஷன் அதிகம் போடுபவருக்கு 8 ஜிபி சீக்கிரம் தட்டும்.

ரேம் 32 ஜிபி. 16 ஜிபியோடு வாங்கிப் பிறகு சேர்க்கலாம் என்றால், ரேம் ஸ்லாட்டில் இருக்கிறதா, போர்டிலேயே பற்றவைத்ததா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எல்பிடிடிஆர் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் பற்றவைத்ததுதான்.

கார்டு ரீடரை யாரும் கவனிப்பதில்லை. நேரம் உண்மையில் கரைவது அங்கேதான். லேப்டாப்பில் உள்ள எஸ்டி ஸ்லாட் யூஹெச்எஸ்-1 என்ற வேக வகையாக இருந்தால் அதன் உச்சமே 104 எம்பி. நடைமுறையில் 90 என்று வைத்தாலும் 756 ஜிபியை இறக்க 2 மணி 20 நிமிடம். யூஹெச்எஸ்-2 கார்டும் ரீடரும் இருந்தால் 250 எம்பி வேகத்தில் 50 நிமிடம். இரண்டு யூஹெச்எஸ்-2 யூஎஸ்பி ரீடர் வாங்கி இரண்டு கார்டை ஒரே நேரத்தில் இறக்கினால் பாதியாகும். எஸ்எஸ்டியை 4.0இலிருந்து 5.0க்கு மாற்றுவதில் இதில் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது.

யூஎஸ்பி-சி போர்ட்டில் தண்டர்போல்ட் 4 இருந்தால் வெளி எஸ்எஸ்டி 2800 எம்பி வரை ஓடும். சாதாரண 10 ஜிகாபிட் போர்ட்டில் 1000 எம்பி. '20 ஜிகாபிட்' என்று போட்ட வெளி எஸ்எஸ்டியைப் பெரும்பாலான லேப்டாப்கள் 10 ஜிகாபிட்டில்தான் ஓட்டும். அந்த முறைக்கு ஆதரவு அரிது. கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

கடையில் நின்று பார்க்க வேண்டியது

டெமோ லேப்டாப்பில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கைச் சொடுக்கினால் வலது மேல்மூலையில் டிரைவின் மாடல் எண் தெரியும். அதைப் போனில் தேடினால் டிஎல்சியா க்யூஎல்சியா என்று வந்துவிடும். உங்களுக்குத் தரும் பெட்டியில் வேறு டிரைவ் இருக்கலாம் என்பதால், பில் போட்டபின் உங்கள் லேப்டாப்பிலும் ஒருமுறை பாருங்கள்.

பின்மூடியைத் திறந்து எஸ்எஸ்டி சேர்த்தால் வாரண்டி என்னாகும் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: சிலர் எஸ்எஸ்டியும் ரேமும் நீங்களே மாற்றலாம் என்பார்கள், சிலர் சர்வீஸ் ஆள் வந்துதான் மாற்ற வேண்டும் என்பார்கள். கடைக்காரரே சொந்தமாக சீல் ஒட்டியிருந்தால் அது யாருடைய சீல் என்று கேளுங்கள்.

இரண்டாவது ஸ்லாட்டுக்கான திருகும் ஹீட் ஸ்ப்ரெடர் தகடும் லேப்டாப்பில் இருக்கின்றனவா என்றும் விசாரியுங்கள். பல மாடல்களில் ஸ்லாட் மட்டும் இருக்கும், திருகு இருக்காது. சென்னை ரிச்சி தெருவில் 'எம்.2 திருகு' என்றால் கொடுப்பார்கள். ஊரில் இருப்பவர் டிரைவ் வாங்கும்போதே சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. ஸ்டுடியோவுக்கு ஜிஎஸ்டி எண் இருந்தால் பில் அதன் பேரில் போடச் சொல்லுங்கள். 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம்.

டிரைவைப் பொருத்துதல்

1. முதலில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பிட்லாக்கர் (விண்டோஸின் டிரைவ் பூட்டு) ரிகவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். விண்டோஸ் 11 லேப்டாப்பில் டிரைவ் உங்களுக்குத் தெரியாமலே என்கிரிப்ட் ஆகியிருக்கலாம். பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரை) எதையாவது மாற்றினால் 48 இலக்கக் கீயைக் கேட்டு நிற்கும். அது இல்லாவிட்டால் உள்ளே இருப்பது யாருக்கும் கிடைக்காது.

2. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள். வெறும் ஷட்டவுனில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் முழுதாக அணையாது. சார்ஜரைப் பிடுங்குங்கள்.

3. திருகுகள் ஒரே நீளம் இருக்காது. தாளில் லேப்டாப்பின் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீளத் திருகைக் குட்டை இடத்தில் முறுக்கினால் கீபோர்டு பக்கம் புடைக்கும்.

4. மூடியைப் பிளாஸ்டிக் தகடால் நெம்புங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது.

5. டிரைவைச் சுமார் 30 டிகிரி சாய்வில் ஸ்லாட்டுக்குள் முழுதாகத் தள்ளி, பிறகு படுக்கவைத்துத் திருகுங்கள். விரல் பலம் போதும். முழுதாக உட்காராத டிரைவ் சில நேரம் வேலை செய்வதுபோல நடித்து, சூடேறியதும் காணாமல் போகும்.

6. டிரைவின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் தெர்மல் பேடில் இருபக்கமும் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தை உரியுங்கள். மறப்பவர் அதிகம். டிரைவின் மேல் இருக்கும் லேபிளை மட்டும் உரிக்க வேண்டாம். வாரண்டி அதில்தான் இருக்கிறது.

மூடியபின் விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, ஜிபிடி என்று தேர்ந்து, என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மேட் செய்யுங்கள்.

விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது 'டிரைவ் எதுவும் இல்லை' என்று வந்தால் டிரைவ் கெட்டுவிட்டது என்று அலற வேண்டாம். இன்டெல் லேப்டாப்களில் விஎம்டி என்ற அமைப்பு பயாஸில் இயங்கினால் இப்படி ஆகும். தயாரிப்பாளரின் தளத்தில் இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, பென் டிரைவில் போட்டு, அதே திரையில் லோட் டிரைவர் கொடுத்தால் டிரைவ் தெரியும். ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில் விஎம்டியைப் போகிற போக்கில் அணைத்தால் விண்டோஸ் எழாது.

டிரைவ் நிறுவனத்தின் மென்பொருளை இறக்கி ஃபர்ம்வேரையும் (டிரைவுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) புதுப்பியுங்கள். 2024 அக்டோபரில் விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பு வந்தபோது வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்என்770, எஸ்என்580 2 டிபி டிரைவ்களில் நீலத்திரை வந்தது. ரேமிலிருந்து அந்த டிரைவ்கள் கேட்ட கடன் அளவில்தான் சிக்கல். ஃபர்ம்வேர் புதுப்பித்ததும் சரியானது.

சோதனை, திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள்

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து டிரான்ஸ்ஃபர் மோட் வரியைப் பாருங்கள். இடப்பக்கம் இப்போது ஓடும் வேகம், வலப்பக்கம் டிரைவால் முடிந்தது. வலதில் 4.0 நான்கு லேன், இடதில் 3.0 அல்லது இரண்டு லேன் என்றால், ஒன்று ஸ்லாட் அவ்வளவுதான், அல்லது டிரைவ் சரியாக உட்காரவில்லை. மேனுவலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கிரிஸ்டல் டிஸ்க் மார்க் வழக்கமாக 1 ஜிபி அளவில்தான் சோதிக்கும். அது கேஷுக்குள்ளேயே அடங்கிவிடும். எவ்வளவு மட்டமான டிரைவும் அதில் பாஸாகும். உண்மையான சோதனை இப்படி: 300 ஜிபி ஃபுட்டேஜை சி டிரைவிலிருந்து டி டிரைவுக்குக் காப்பி கொடுத்து, காப்பி பெட்டியில் வரும் பச்சைக் கோட்டைப் பாருங்கள். எந்த இடத்தில் விழுகிறது, விழுந்தபின் எவ்வளவில் நிற்கிறது என்பதுதான் டிரைவின் நிஜமுகம். பிறகு அதையே ரெண்டர் ஓடும்போது செய்யுங்கள். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் என்றால் இன்னும் நல்ல சோதனை. வெப்பம் 70 டிகிரிக்குள் இருந்தால் கவலையில்லை. 80ஐத் தாண்டினால் டிரைவ் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். பேட் தகட்டில் படவில்லை, அல்லது பேட் மெலிந்தது என்று பொருள். அரை மில்லிமீட்டர் தடிமன் கூட்டிப் பாருங்கள், ஆனால் மூடியே புடைக்கும் அளவுக்குத் திணிக்க வேண்டாம்.

டி டிரைவிலிருந்து சி டிரைவுக்குத் திருப்பிக் காப்பி கொடுக்கும்போது கோடு விழுந்து 100 எம்பியில் நின்றுவிட்டால், லேப்டாப்போடு வந்த டிரைவ் க்யூஎல்சியாக இருக்கலாம். அதை சி டிரைவாகவே விட்டுவிடுங்கள், இரண்டாவது ஸ்லாட்டில் நல்ல டிஎல்சி வைத்து ஃபுட்டேஜை அங்கே கொட்டுங்கள். லேப்டாப்பை மாற்றத் தேவையில்லை.

வெளி நகல்

உள்ளே எத்தனை டிரைவ் இருந்தாலும் கார்டை அழிக்குமுன் ஃபுட்டேஜ் லேப்டாப்புக்கு வெளியே ஒரு டிரைவில் இருக்க வேண்டும். கையடக்க ஹார்ட் டிஸ்க் போதும். 100 எம்பி வேகத்தில் 756 ஜிபிக்கு இரண்டு மணி நேரம், இரவில் ஓடவிட்டுத் தூங்கலாம். பெரிய அளவு 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் எஸ்எம்ஆர் வகை, அதாவது தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதுபவை. நடுவில் வேகம் குறைந்தால் பதறி ஒயரைப் பிடுங்க வேண்டாம். அதை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்தால் மேக்கிலும் எழுதலாம், ஆனால் எழுதும்போது ஒயர் கழன்றால் ஃபைல் பட்டியலே சிதையலாம். விண்டோஸ் மட்டும் பயன்படுத்துபவர் என்டிஎஃப்எஸ் வையுங்கள்.

நீண்டநாள் சேமிப்புக்கு எஸ்எஸ்டி வேண்டாம். மின்சாரம் இல்லாமல் கிடந்தால் செல்லில் உள்ள மின்னேற்றம் மெல்லக் கசியும். உத்தரவாத அளவு முழுதும் எழுதித் தீர்ந்த டிரைவ், 30 டிகிரி வெப்பத்தில், மின்சாரமின்றி ஓராண்டு தாங்கினால் போதும் என்பதுதான் ஜெடெக் என்ற சிப் தொழில் அமைப்பின் தரநிலை. புது டிரைவ் இதைவிட நெடுநாள் தாங்கும். நம் ஊர் பீரோவுக்குள் 30 டிகிரி என்பது மார்கழியில் மட்டும்தான். பழைய எஸ்எஸ்டியை வேலைக்கு வைத்துக்கொண்டு, பீரோவுக்கு ஹார்ட் டிஸ்க்கை அனுப்புங்கள். மேலே ஜோடியின் பெயரையும் முகூர்த்தத் தேதியையும் எழுதி ஒட்டிவிட்டு.